முன் ஷாக் போயிடுச்சா? வீட்டு வாசல்லயே ஸ்ட்ரட் மாத்துறது எப்படி

நம்ம டெல்டா பக்கம் காரோட முன் ஷாக் சீக்கிரம் போறதுக்கு ஓட்டுறவரை மட்டும் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்லங்க. கொள்ளிடக்கரை ரோடு, வெண்ணாத்தங்கரை ரோடு எதுல வேணா போய்ப் பாருங்க, வாய்க்காலுக்கு வாய்க்கா ஒரு மதகு, மதகு ஏறி இறங்குற எடத்துல ரோடு ஒரு சாண் அமுங்கிக் கெடக்கும், அதுல இறங்குறப்ப முன்னாடி டொம்முனு ஒரு அடி விழும். அடியில இருக்குறது களிமண்ணு, மழைக்கு ஊறும் வெயிலுக்கு வெடிக்கும், அதுமேல போட்ட தாரு எத்தனை நாளைக்குச் சமமா நிக்கும்? சம்பா அறுப்பு நேரத்துல டிபிசிக்கு (அரசு நெல் கொள்முதல் நிலையம்) நெல்லு ஏத்திட்டுப் போற லாரி வேற ரோட்டு ஓரத்தை நசுக்கி விட்டுடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம்னா இதெல்லாம் போக உப்புக்காத்து, போல்ட்டு எல்லாம் துருவேறி வெல்டு வச்ச மாதிரி பிடிச்சுக்கும். பொதுவா 80,000 கிலோமீட்டர் தாண்டினா ஷாக்கை செக் பண்ணிப் பார்க்கச் சொல்லுவாங்க, நம்ம ரோட்டுக்கு அதுக்கு முன்னாடியே பார்த்துடுறது நல்லது.

ஸ்ட்ரட்டுன்னா ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒண்ணா சேர்ந்த தூணு, அதை மாத்துறது பெரிய வித்தை இல்ல, நட்டு போல்ட்டு வேலைதான், என்ஜினைத் தொட வேண்டாம், பிரேக் ஆயில் லைனைத் திறக்க வேண்டாம். ஆனா ஸ்பிரிங்கை அமுக்கி அவுக்குற அந்த ஒரு எடம் மட்டும் உசுருக்கே ஆபத்தான வேலை. அதனால நான் யாருக்கும் சொல்றது என்னன்னா, கார்லேருந்து கழட்டுறதும் திரும்ப மாட்டுறதும் நீங்க வீட்டுல செய்யுங்க, ஸ்பிரிங்கை அமுக்கி ஷாக்கை மாத்துறதை மட்டும் பிரஸ் வச்சிருக்குற பட்டறையில குடுத்துடுங்க. கழட்டின ஸ்ட்ரட்டை டூவீலர்ல வச்சு எடுத்துட்டுப் போனா கும்மோணம், மாயவரம், மன்னார்குடின்னு எந்த ஊர்லயும் செஞ்சு குடுத்துடுவாங்க, அதுக்குன்னு பெரிய கூலி ஒண்ணும் ஆகாது.

முதல்ல போனது ஸ்ட்ரட்டுதானான்னு பாருங்க. இங்க பாதிப்பேரு கடக் கடக்னு சத்தம் வந்த உடனே ஷாக்கை மாத்திடுறாங்க, மாத்தினப்புறமும் அதே சத்தம். சின்னச் சின்ன குழியில மெதுவா போறப்ப கட கடன்னு வர்ற சத்தம் பெரும்பாலும் லிங்க் ராடுதான் (ஸ்ட்ரட்டையும் குறுக்க போற ஸ்டெபிலைசர் பாரையும் சேர்க்குற சின்னக் கம்பி), வண்டி நிக்கிறப்பவே உள்ள கைய விட்டு லிங்க் ராடைப் பிடிச்சு ஆட்டிப் பாருங்க, லூசா ஆடினா அதை மட்டும் மாத்துங்க, செலவு கம்மி. பிரேக் அடிக்கிறப்பவும் ரிவர்ஸ் எடுக்கிறப்பவும் ஒரு தடவை டக்குன்னா லோயர் ஆர்ம் புஷ்ஷை, அதாவது வீலைக் கீழ பிடிச்சிருக்குற ஆர்மோட ரப்பரைப் பாருங்க. நின்ன எடத்துல ஸ்டீரிங்கை ஒடிக்கிறப்ப டங்குன்னு ஸ்பிரிங் எகிறுற மாதிரி கேட்டா அது ஸ்ட்ரட் தலையில இருக்குற மவுண்ட் பேரிங்.

நெசமா ஷாக் போனா என்ன தெரியும்னா, வேகத்தடை தாண்டினப்புறம் வண்டி ஒரு தடவைல அடங்காது, ரெண்டு மூணு தடவை ஆடும். பிரேக் அடிச்சா மூக்கு குத்தும். டயரைக் கையால தடவிப் பார்த்தா மேடும் பள்ளமுமா அலை அலையா தேஞ்சிருக்கும். பானெட்டை அமுக்கி விட்டுப் பாக்குறது எல்லாரும் பண்றதுதான், அதுல முழுசா செத்த ஷாக் மாட்டும், பாதி செத்தது மாட்டாது. நம்பிக்கையான அடையாளம் ஆயில்தான். வீலை முழுசா ஒடிச்சு வச்சுட்டு டார்ச் அடிச்சு ஸ்ட்ரட் உடம்பைப் பாருங்க, லேசா வேர்த்த மாதிரி தூசி ஒட்டியிருந்தா பயப்பட வேண்டாம், மேலேருந்து கீழ வரைக்கும் ஈரமா வழிஞ்சு சேறு கருப்பா அப்பியிருந்தா சீல் போச்சு. உள்ள பிஸ்டன் ஓட்டை வழியா ஆயில் பிதுங்கிப் போறதுலதான் ஆட்டம் அடங்குது, அந்த ஆயிலே வெளிய வந்துட்டா அப்புறம் அது வெறும் குழாய்.

இந்த வழி ஆல்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட், ஐ10 மாதிரி முன்னாடி மெக்பர்சன் ஸ்ட்ரட் இருக்குற கார்களுக்கு. நம்ம ஊர்ல ஓடுற ஹேட்ச்பேக், செடான் பெரும்பாலும் இதுதான். ஃபோர்டுல வேலை பார்த்த ஏர்ல் மெக்பர்சன்னு ஒரு என்ஜினியரோட டிசைன், 1950-ல இங்கிலாந்துல வந்த ஃபோர்டு கான்சல்லேருந்து பரவுனது, மாருதி 800-லயும் முன்னாடி இதேதான். ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணா நின்னு வீலையும் பிடிச்சுக்கும், அதான் இதை மாத்தினா அலைன்மென்ட் மாறுது. பழைய இன்னோவா, கிரிஸ்டா வச்சிருக்குறவங்க இதைப் படிச்சுட்டு ஸ்பேனரைத் தூக்காதீங்க, அதுல முன் சஸ்பென்ஷன் வேற மாதிரி.

சாமான் வாங்குறப்ப ஜோடியாதான் வாங்கணும், ஒரு பக்கம் புதுசு ஒரு பக்கம் பழசுன்னா பிரேக்ல வண்டி ஒரு பக்கமா இழுக்கும். லெஃப்டும் ரைட்டும் வேற வேற, பிரேக் ஹோஸ் பிராக்கெட் எந்தப் பக்கம் இருக்குன்னு கடையிலயே பார்த்து வாங்குங்க. கூடவே அப்பர் மவுண்ட், மவுண்ட் பேரிங், பம்ப் ஸ்டாப் (ஷாக் அடியோட முட்டாம தாங்குற ரப்பர்), தூசி பூட்டு (ராடுல தூசி படாம மூடுற உறை) நாலும் ரெண்டு பக்கத்துக்கும் வாங்கிடுங்க, இதுல மிச்சம் புடிக்கிறேன்னு பழசையே போட்டா அடுத்த மழைக்குள்ள திரும்ப இவ்வளவையும் கழட்டணும். கீழ நக்கிள் (வீல் ஹப்பைத் தாங்குற இரும்பு, ஸ்ட்ரட் இதுலதான் மாட்டும்) நட்டும் மேல சென்டர் நட்டும் புதுசா கெடைச்சா போடுங்க. ரீகண்டிஷன் ஷாக்குன்னு ஓட்டை போட்டு ஆயில் ஊத்தி பெயின்ட் அடிச்சு விக்கிறாங்க பாருங்க, அது பக்கமே போகாதீங்க. வண்டி தாழுதுன்னு ஸ்பிரிங் நடுவுல ரப்பர் பஃபர் சொருகுற பழக்கமும் நம்ம பக்கம் ஜாஸ்தி, ஸ்பிரிங் வேலை செய்ய வேண்டிய எடத்தை அடைச்சு வச்சா அந்த அடியெல்லாம் மிச்ச சுத்துக்கும் மவுண்டுக்கும்தான் போகும். ஸ்பிரிங் உக்காந்துட்டா ஸ்பிரிங்கை மாத்தணும், அவ்வளவுதான்.

எடம் ரொம்ப முக்கியம். மண் தரையில ஜாக்கி போடவே போடாதீங்க, மேல காஞ்சு கெடக்குற மாதிரிதான் தெரியும், வெயிட் ஏறினதும் ஜாக்கி ஒரு பக்கமா இறங்கிடும். சிமெண்டு வாசல் இருந்தா நல்லது, இல்லன்னா அறுப்பு இல்லாத நேரத்துல ஊர் நெல்லு களம் சும்மாதான் கெடக்கும், சமமான கான்கிரீட் தரை, இதைவிட நல்ல எடம் கெடைக்காது. ஜாக்கி வேற, ஜாக் ஸ்டாண்டு வேற. காரோட வர்ற ஜாக்கி டயர் மாத்த மட்டும்தான், தூக்கினப்புறம் வண்டி நிக்க வேண்டியது ஸ்டாண்டுல. செங்கலு, ஹாலோ பிளாக் அடுக்கி வச்சு வேலை பாக்குறதை நெறைய வீட்டுல பார்க்கலாம், செங்கலு முன்னாடியே சொல்லிட்டு ஒடையாது, சட்டுனு நொறுங்கிடும். ரெண்டு ஜாக் ஸ்டாண்டு வாங்குறதுக்குக் காசு இல்லன்னா இந்த வேலையை வீட்டுல ஆரம்பிக்க வேண்டாம்.

ஸ்பேனர்னு பார்த்தா 12, 14, 17, 19 எம்எம் ரிங்கும் பாக்ஸும், ஒரு நீட்டுக் கைப்பிடி, ஆலன் கீ செட், கம்பி பிரஷ்ஷு, சுத்தியல், டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கம்னு அளந்து முறுக்குற ஸ்பேனர்), கொஞ்சம் கட்டுக்கம்பி. முந்துன நாள் ராத்திரியே கீழ நக்கிள் போல்ட்டு, லிங்க் ராடு நட்டு ரெண்டையும் கம்பி பிரஷ்ஷால தேய்ச்சு துரு விடுற ஸ்பிரே அடிச்சு விட்டுடுங்க. டிஸ்க்லயும் பிரேக் பேட்லயும் மட்டும் படக் கூடாது. அறுப்பு முடிஞ்ச சமயம்னா ரோட்டுல காயப் போட்ட வைக்கோலு டிரைவ் ஷாஃப்ட்லயும் சைலன்சர்லயும் சுத்தியிருக்கும், அதையும் அப்பவே பிச்சு எடுத்துடுங்க, சூட்டுல தீப்பிடிக்கிற சாமான் அது.

இப்ப வேலைக்கு வருவோம். ஹேண்ட்பிரேக் போட்டு, பின் வீலுக்கு முன்னயும் பின்னயும் கட்டை கொடுத்து, வண்டி தரையில நிக்கிறப்பவே முன் வீல் நட்டை எல்லாம் அரை சுத்து லூஸ் பண்ணிக்கோங்க. அப்புறம் முன்பக்கம் ரெண்டு சைடும் தூக்கி ரெண்டு ஸ்டாண்டுல வைங்க. ஒரு சைடு மட்டும் தூக்கினா குறுக்க போற ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கிட்டு லிங்க் ராடு வெளிய வராம அடம் பிடிக்கும், ரெண்டும் தூக்கினா லேசா வந்துடும். ஸ்டாண்டை பாடியில குறிச்சிருக்குற ஜாக் பாயின்ட்லதான் வைக்கணும், வச்சுட்டு வண்டியை ஒரு தள்ளு தள்ளிப் பாருங்க, அசைஞ்சா இறக்கிட்டு மறுபடி வைங்க. கழட்டின வீலைப் பாடிக்கு அடியில தள்ளி விட்டுடுங்க, என்ன ஆனாலும் வண்டி அதுமேலதான் உக்காரும், உங்க மேல இல்ல. ரெண்டு வீலைக் கழட்டினாலும் வேலையை ஒரு பக்கம் முடிச்சுட்டுதான் அடுத்த பக்கம் போகணும், சந்தேகம் வந்தா அந்தப் பக்கம் எப்படி இருக்குன்னு எட்டிப் பார்த்துக்கலாம்ல.

எதையும் அவுக்குறதுக்கு முன்னாடி போன்ல நாலு போட்டோ எடுத்துக்கோங்க. கீழ நக்கிளும் ஸ்ட்ரட்டும் சேர்ற எடத்துல ஒயிட்னர்ல ஒரு கோடு போட்டு வைங்க, திரும்ப மாட்டுறப்ப காம்பர் (வீல் உள்ளயோ வெளியயோ சாயுற கோணம்) ஏறக்குறைய பழைய எடத்துலயே உக்காரும். அப்புறம் பிரேக் ஹோஸ் பிராக்கெட்டை ஸ்ட்ரட்லேருந்து விடுவிங்க, ஏபிஎஸ் ஒயர் இருந்தா அதோட கிளிப்பையும் எடுத்து ஓரமா விடுங்க, ஒயரைப் பிடிச்சு இழுக்கக் கூடாது. லிங்க் ராடு நட்டை அவுக்குறப்ப உள்ள இருக்குற பால் ஸ்டட்டும் சேர்ந்தே சுத்தும், நட்டு சுத்துது ஆனா வரமாட்டேங்குதுன்னு குழம்ப வேண்டாம், ஸ்டட் நுனியில ஆலன் கீ போடுற ஓட்டை இருக்கும், அதைப் பிடிச்சுக்கிட்டு ரிங் ஸ்பேனரால நட்டைச் சுத்துங்க. நுனியில மண்ணு அடைச்சிருந்தா ஆணியால குத்தி சுத்தம் பண்ணிட்டு கீயை முழுசா உள்ள விடுங்க, பாதி விட்டுச் சுத்தினா ஓட்டை வழுக்கிடும், அப்புறம் அறுக்குற வேலைதான்.

அடுத்தது பானெட்டுக்குள்ள மேல் நட்டு. ஸ்ட்ரட் தலையைச் சுத்தி ரெண்டோ மூணோ சின்ன நட்டு இருக்கும், சில கார்ல வைப்பருக்குக் கீழ இருக்குற பிளாஸ்டிக் பேனலைக் கழட்டினாதான் அது கண்ணுக்கே தெரியும். இந்தச் சின்ன நட்டைத்தான் அவுக்கணும். நடுவுல பெருசா ஒண்ணு இருக்கும் பாருங்க, அந்த சென்டர் நட்டுல கையே வைக்காதீங்க. ஸ்பிரிங் மொத்தத்தையும் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டிருக்குறது அந்த ஒரு நட்டுதான். சின்ன காரா இருந்தாலும் ஒரு பக்க ஸ்பிரிங் 250, 300 கிலோ தாங்குது, டிபிசி மூட்டை 40 கிலோ கணக்குல ஏழு மூட்டை, அமுக்காம அதை அவுத்தா அந்த வேகம் முழுசும் உங்க மூஞ்சிக்குத்தான் வரும். சின்ன நட்டுலயும் ஒண்ணை மட்டும் நாலு மரை விட்டு வைங்க, இல்லன்னா கீழ அவுத்ததும் ஸ்ட்ரட் மொத்தமா கால்ல விழும்.

இப்ப கீழ நக்கிள் போல்ட்டு ரெண்டு. போல்ட்டுத் தலையைப் பிடிச்சுக்கிட்டு நட்டைத்தான் சுத்தணும், போல்ட்டுக் கழுத்துல முள்ளு முள்ளா வரி இருக்குற கார்ல தலையைச் சுத்தினா ஓட்டையே வீணாப் போயிடும். நட்டை எடுத்ததும் போல்ட்டு வராது, எதிர்பார்த்ததுதான், நட்டைத் திருப்பி நுனி மட்டத்துக்கு மாட்டி அதுமேல அடிங்க, நேரா மரைமேல அடிச்சா நசுங்கிடும். போல்ட்டு வெளிய வந்த உடனே நக்கிள் வெளிப்பக்கமா சாயும், சாய விட்டா பிரேக் ஹோஸ் இழுபடும், டிரைவ் ஷாஃப்ட்டோட உள் ஜாயின்ட்டும் கழண்டுக்கும். அதனால கட்டுக்கம்பியால நக்கிளை மேல எங்கயாவது இழுத்துக் கட்டிடுங்க. அப்புறம் கூட ஒருத்தர் ஸ்ட்ரட்டைத் தாங்கிப் பிடிக்க, நீங்க மேல இருக்குற கடைசி நட்டை எடுத்தா முழுசா கைக்கு வந்துடும். தம்பியோ மச்சானோ யாராவது ஒரு ஆள் வேணும்னு சொல்றது இதுக்குத்தான், தனியா செய்யாதீங்க.

பட்டறைக்கு எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி மவுண்ட், ஸ்பிரிங், கீழ்த்தட்டு மூணுலயும் நேர்க்கோட்டுல ஒரு அடையாளம் போட்டுடுங்க. அங்க போய் குடுத்துட்டு டீக்கடைக்குப் போயிடாம பக்கத்துல, கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க. பிரஸ்ல ஸ்பிரிங்கை அமுக்கணும், ரெண்டு தட்டுக்கும் நடுவுல ஸ்பிரிங் கையால ஆட்டுற அளவுக்கு லூஸ் ஆகணும், அதுக்கப்புறம்தான் சென்டர் நட்டு. கயிறு கட்டி அவுக்குற ஆளுங்களும் இருக்காங்க, அந்தப் பட்டறையில நிக்கவே வேணாம், சாமானை வாங்கிட்டு கிளம்பிடுங்க. புது ஷாக்கோட ராடை பிளையராலயோ வைஸ் கிரிப்பாலயோ பிடிக்க விடாதீங்க, அந்தப் பளபளப்புல ஒரு கீறல் விழுந்தா அது ஒவ்வொரு தடவை உள்ள போய் வர்றப்பவும் சீலை அறுக்கும், புதுசு சீக்கிரமே ஒழுகும். ராடு சுத்தாம இருக்க நுனியில ஆலன் கீ போட்டுப் பிடிக்கணும்.

இல்ல நானே ஸ்பிரிங் கம்ப்ரஸர் வச்சுப் பண்ணுவேன்னா, கொக்கி போல்ட்டு ரெண்டையும் நேர் எதிர் எதிரா போடுங்க, மரைக்கு கிரீஸ் வைங்க, ரெண்டையும் மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா கையாலயே முறுக்குங்க. ஏர் கன் கூடாது. ஸ்பிரிங்கோட ரெண்டு முனைக்கும் நேரா ஒரு ஆளும் நிக்கக் கூடாது, புள்ளைங்களை வீட்டுக்குள்ள அனுப்பிடுங்க. கொக்கி லேசா நழுவுற மாதிரி தெரிஞ்சா அப்படியே லூஸ் பண்ணிட்டு மறுபடி முதல்லேருந்து.

புது ஷாக்கை மாட்டுறதுக்கு முன்னாடி நிமித்தி நிறுத்தி ராடை முழுசா அமுக்கி முழுசா மேல விடுங்க, அஞ்சாறு தடவை. கடை ஷெல்ஃப்ல படுத்தே கெடந்ததால உள் குழாய்க்குள்ள காத்து புகுந்திருக்கும், முதல்ல அமுக்குறப்ப நடுவுல பொசுக்குன்னு காலியா போற மாதிரி இருக்கும், நாலாவது அஞ்சாவது தடவைல ஒரே சீரா ஆயிடும். அப்புறம் பம்ப் ஸ்டாப், பூட்டு, ஸ்பிரிங், மேல்தட்டு, பேரிங், மவுண்ட், இந்த வரிசைதான் பெரும்பாலும், இருந்தாலும் உங்க போட்டோவைப் பார்த்துக்கோங்க. ஸ்பிரிங்கோட அடி நுனி கீழ்த்தட்டுல இருக்குற படியில முட்டி உக்காந்திருக்கணும். சென்டர் நட்டை முழுசா டைட் பண்ணினப்புறம்தான் ஸ்பிரிங்கை மெதுவா விடணும், விட்டப்புறம் அந்த நுனி படியிலயே இருக்கான்னு இன்னொரு தடவை பாருங்க.

மாட்டுறது கழட்டினதுக்குத் தலைகீழ், நீட்டி முழக்க ஒண்ணும் இல்ல. மேல நட்டு கையால, கீழ போல்ட்டு கையால, எல்லாம் உக்காந்தப்புறம் டைட்டு. போல்ட்டு ஓட்டை சேரலன்னா நக்கிளுக்கு அடியில ஜாக்கி குடுத்து மெல்ல ஏத்துங்க, சுத்தியலால அடிச்சு வழிக்குக் கொண்டுவர வேண்டாம். கீழ போல்ட்டை ஒயிட்னர் கோட்டுக்கு நேரா வச்சு உங்க கார் மேனுவல்ல போட்டிருக்குற டார்க் அளவுக்கு முறுக்குங்க, அடுத்த காருக்குச் சொன்ன அளவு இதுக்கு ஆகாது. பிரேக் ஹோஸ் முறுக்காம இருக்கா, பிராக்கெட்டு பழைய எடத்துலயே இருக்கா, ஏபிஎஸ் ஒயர் வீல்ல உரசாதான்னு ஸ்டீரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பாருங்க. வீல் நட்டு சின்ன கார்ல பொதுவா 85-லேருந்து 110 நியூட்டன் மீட்டருக்குள்ள வரும், வண்டியைத் தரையில இறக்கினப்புறம் குறுக்கு நெடுக்கா முறுக்கணும். ஸ்பேனர்மேல ஏறி நின்னு மிதிக்கிற பழக்கத்தை விட்டுடுங்க, மரை கழண்டா ஹப் வரைக்கும் செலவு போகும்.

பின்னாடி ஷாக் இதைவிட ரொம்ப லேசு, நிறைய கார்ல ஸ்பிரிங் தனி ஷாக் தனி. ஒண்ணே ஒண்ணு, ஷாக் போல்ட்டை எடுக்குறதுக்கு முன்னாடி பின் ஆக்சிலுக்கு அடியில ஜாக்கி குடுத்துத் தாங்கிக்கோங்க, இல்லன்னா ஆக்சில் சடார்னு தொங்கி ஸ்பிரிங் வெளிய குதிச்சுடும். அந்தக் கீழ் போல்ட்டு ரப்பர் புஷ்ல போறதால கடைசி முறுக்கு வண்டி தன் வெயிட்ல உக்காந்திருக்குறப்பதான் கொடுக்கணும், தொங்குறப்ப முறுக்கினா புஷ் எப்பவும் திருகிக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

முடிச்சதும் நேரா அலைன்மென்ட்டுக்குப் போங்க, நாளைக்குப் பார்த்துக்கலாம்னு தஞ்சாவூர் வரைக்கும் ரெண்டு ட்ரிப் அடிச்சா டயரோட உள்பக்கம் போயிடும். போறப்ப மெதுவா ஒரு மதகுல ஏறி இறங்கிக் கேளுங்க. டக்குன்னு ஒரு சத்தம் வந்தா மேல் நட்டோ லிங்க் ராடோ டைட் ஆகல, ஸ்டீரிங் ஒடிக்கிறப்ப டங்குன்னா ஸ்பிரிங் நுனி படியில உக்காரல இல்லன்னா பேரிங் தலைகீழா இருக்கு, திரும்பக் கழட்டித்தான் ஆகணும். புதுசுல கொஞ்சம் விறைப்பாதான் இருக்கும், அது குறை இல்ல. ஒரு 100 கிலோமீட்டர் ஓடினப்புறம் வீல் நட்டு, லிங்க் ராடு, மேல் நட்டு மூணையும் இன்னொரு தடவை செக் பண்ணிடுங்க. கழட்டின பழைய ஸ்ட்ரட்டைப் பழைய இரும்புக் கடையில போடுறப்ப உள்ள கேஸும் ஆயிலும் இருக்குன்னு சொல்லிட்டுப் போடுங்க, தெரியாம கேஸ் கட்டர் வச்சா வெடிக்கும்.